பிளேனோவில் அக்கா வீட்டு டிரைவ்வே: ஐந்து ராத்திரி தங்கிப் பார்த்தது

ஆர்வி என்றால் உள்ளேயே படுத்துத் தங்குகிற வீட்டு வண்டி. அதைக் காசு கொடுத்து நிறுத்தும் ஆர்வி பார்க்குகளைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கரண்ட் எப்படி, தண்ணீர் எப்படி, பக்கத்து இடத்து நாய் குரைத்ததா என்று எல்லாம் வந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு டிரைவ்வேயை, அதாவது கராஜுக்கு முன்னால் கார் நிறுத்தும் தளத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். காசு கொடுக்காத இடத்தைக் குறை சொல்ல வாய் வராது போல. எனக்கு வரும். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் அக்கா மகளுக்கு அரங்கேற்றம். டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் நான்கு படுக்கையறை வீடு. அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஏப்ரல் முதல் ஓர் அறையில். அத்தானின் அப்பா அம்மா இன்னோர் அறையில். நியூ ஜெர்சி சித்தப்பா குடும்பம் மூன்றாவதில். ஹால் முழுக்க டான்ஸ் உடைப் பெட்டிகள். நாங்கள் நான்கு பேர் எங்கே படுப்பது? நான் இருப்பது ஓக்லஹோமாவில், டல்சாவில். இரண்டு வருஷம் முன்பு பழசாக வாங்கிய, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கொக்கி முதல் பின் பம்பர் வரை 21 அடி 8 அங்குலம். பிளேனோ பக்கம் ஓர் ஆர்வி பார்க்கில் விசாரித்தால் ராத்திரிக்கு 55 டாலர் என்றார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, வீட்டுக்குப் பின்னால இவ்வளவு இடம் கெடக்கு. காசைக் கொண்டுபோய் எவன்கிட்டயோ குடுப்பியா?"

சரி என்று புதன்கிழமை காலை கிளம்பினோம். டியூரண்ட் தாண்டி ரெட் ரிவர் பாலம் ஏறினால் டெக்சஸ். வழியில் மெலிசா ஊரில் பக்கீஸ் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். 18 சக்கர லாரிகளை அவர்கள் உள்ளே விடுவதில்லை, ஆனால் டிரெய்லர் இழுத்து வருகிறவனுக்குத் திரும்ப இடம் தாராளம். அதற்கு மேல் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

கதை சந்துமுனையில்தான் ஆரம்பம். பிளேனோவின் பழைய குடியிருப்புகளில் வீட்டு முன்பக்கம் புல்வெளியும் பூச்செடியும்தான். கராஜும் டிரைவ்வேயும் பின்பக்கச் சந்தில். சந்தின் காங்கிரீட் பத்தடி அகலம் இருந்தால் அதிகம், இரண்டு பக்கமும் ஆளுயர மரவேலி. அதற்குள் வண்டியை வளைத்து, டிரெய்லரைச் செங்குத்தாக ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். பின்னால் எடுக்கும் முன் ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்வே பாரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வளைந்துபோகும். அதைக் கழற்றினேன். அத்தான் பின்னால் போய் நின்று, நெல்லை டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி "வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்று வேலியில் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழு தடவை முன்னும் பின்னும் போய், எட்டாவதில் உள்ளே போனது.

கராஜ் கதவிலிருந்து சந்து விளிம்பு வரை 25 அடி. இதை வீட்டிலிருந்தே அளந்து சொல்லச் சொல்லியிருந்தேன். ஏனென்றால் அந்தச் சந்தில்தான் குப்பை லாரியும் வரும், அதுவும் வியாழக்கிழமை, அதாவது மறுநாள். கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தெருவே நாறிப்போகும். மூன்றடி மிச்சம் இருந்தது, பிரச்சினை இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பக்கவாட்டு மட்டம் பார்த்து, வண்டியிலிருந்து கழற்றி, நாலு மூலை ஜாக்கையும் இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் அத்தான் மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, நம்ம கார் கராஜுக்குள்ளல்லா நிக்கி?"

மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மாட்ட ஒன்றரை மணி நேரம். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்.

சரிவு வேறு. தண்ணீர் வடிவதற்காக டிரைவ்வே கராஜிலிருந்து சந்துப் பக்கம் இறங்கும். பின்பக்கத்தை உள்ளே விட்டதால் கொக்கிப் பக்கம் பள்ளத்தில். முன் ஜாக்கை முழுசாக ஏற்றியும் மட்டம் வரவில்லை. அப்படியே விட்டால் தூங்கும்போது ரத்தம் தலைக்கு ஏறும். அதைவிட, டிரெய்லர் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது. அது கம்ப்ரசர் இல்லாத ரகம், உள்ளே அம்மோனியாக் கரைசல் தானாக வழிந்து சுற்றினால்தான் குளிரும். சந்துக்கு எதிர்வீட்டுத் தாத்தா, ரிட்டயர்டு ஆள், ஒரு காலத்தில் மோட்டார் ஹோம் வைத்திருந்தவராம், வேலி மாற்றியபோது மிஞ்சிய தேவதாருப் பலகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாக்குக்கு அடியில் நான்கு பலகை. மட்டம் பார்க்கும் கருவியின் குமிழி நடுவுக்கு வந்தது. பக்கவாட்டுக்கு ஆண்டர்சன் லெவலர் வைத்திருக்கிறேன். வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும், அதன்மேல் சக்கரத்தை மெல்ல ஏற்றி, மட்டம் வந்த இடத்தில் நிறுத்தி ஆப்பு அடித்தால் போதும். கொடுத்த காசுக்கு உழைக்கிற பொருள்.

கரண்டுக்கு வருவோம். இந்த டிரைவ்வேக்கு நான் மார்க் குறைப்பதும் இதில்தான், பிறகு கூட்டிப் போடுவதும் இதில்தான்.

என் டிரெய்லர் 30 ஆம்ப், 120 வோல்ட், அதாவது 3600 வாட் வரை தாங்கும். கராஜில் இருந்த பிளக் 20 ஆம்ப், 2400 வாட். அதிலும் நீண்ட நேரம் இழுப்பதென்றால் 16 ஆம்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூரை ஏசியின் குளிர்விக்கும் அளவு 13,500 பிடியு, ஓடும்போதே 13 ஆம்ப் பக்கம் சாப்பிடும். அத்தான் கிறிஸ்துமஸ் விளக்குக்கு வைத்திருந்த மெல்லிசு ஆரஞ்சு ஒயரை நீட்டினார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஏசிக்கு அந்த ஒயர் கொதித்துவிடும். என்னிடம் தடிமனான 10 கேஜ் ஒயரும், 30 ஆம்பிலிருந்து சாதாரணப் பிளக்குக்கு மாற்றும் அடாப்டரும் இருந்தன. நடுவில் ப்ராக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் காரர்களின் இஎம்எஸ் என்கிற கரண்ட் காவல் பெட்டி. வோல்டேஜ் 104க்குக் கீழே போனாலோ 132க்கு மேலே போனாலோ அதுவே அறுத்துவிடும். ஏசி ஓடும்போது 113 காட்டியது. ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றிவிட்டேன். ஒயர் போவதற்காகக் கராஜ் கதவை இரண்டு அங்குலம் திறந்து வைத்ததில் மூன்று பல்லிகள் உள்ளே குடியேறின. அது அக்கா கணக்கு.

முதல் ராத்திரி பதினொரு மணிக்குச் சின்னவளுக்குப் பால் சுடவைக்க மைக்ரோவேவைப் போட்டாள் என் மனைவி. எல்லாம் அணைந்தது. டார்ச்சோடு போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தேன். ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினோம். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

பழைய வீடுகளில் கராஜ் பிளக்கும் பாத்ரூம் பிளக்கும் ஒரே லைனில் இருப்பது சகஜம். அது எனக்குப் பொதுவாகத் தெரியும். இந்த வீட்டிலும் அப்படித்தானா என்று பார்க்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை, அரங்கேற்ற நாள், காலை எட்டரை மணி. அக்கா மகள் பாத்ரூமில் ஹேர் டிரையரைப் போட்டாள். அவ்வளவுதான். வீட்டில் அன்றைக்கு எட்டுப் பெண்கள், ஒருவர் தலையும் காயவில்லை. படுக்கையறைப் பிளக்கில் மாட்டிச் சமாளித்து, பூ, சலங்கை, நகைப்பெட்டி என்று அடித்துப் பிடித்து எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினோம். பிரேக்கரை யாரும் தூக்கிவிடவில்லை.

கராஜில் அதே லைனில் அக்காவின் இரண்டாவது ஃப்ரீசர் இருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பினால் கராஜ் தரையில் தண்ணீர். தேங்காய்த் துருவல் ஆறு பாக்கெட், வெட்டி வைத்த முருங்கைக்காய், உரித்து வைத்த சின்ன வெங்காயம், நெய்மீன், பரோட்டா, எல்லாம் போச்சு. ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு மட்டும் தப்பியது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிறு காலை நடந்ததைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுத் தாத்தா கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் அத்தானின் எலக்ட்ரிக் கார் சார்ஜர் தொங்கியது. "இதை ஏன் விட்டாய்?" என்றார். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சார்ஜர் மாட்டியிருந்தது 14-50 என்கிற நாலு ஓட்டைப் பிளக், பெரிய ஆர்விகளுக்குப் பார்க்கில் கொடுக்கும் அதே 50 ஆம்ப் பிளக். உள்ளே இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வரும். 50 ஆம்பிலிருந்து 30 ஆம்புக்கான ஆர்வி அடாப்டர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். வால்மார்ட்டில் ஆர்வி சாமான் இருக்கும் வரிசையில் கிடைத்தது, 34 டாலர். மாட்டியதும் இஎம்எஸ் 121 காட்டியது. ஏசி, மைக்ரோவேவ், டிவி, எல்லாம் ஒன்றாக ஓடின. கார் மட்டும் வெளியே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். துணி உலர்த்தும் மெஷினுக்கான 30 ஆம்ப் பிளக் பார்க்கக் கிட்டத்தட்ட ஆர்வி பிளக் சாயலில் இருக்கும், ஆனால் அதில் வருவது 240 வோல்ட். யாராவது எலக்ட்ரீஷியன் 'அதே 30 ஆம்ப்தானே' என்று ஆர்வி பிளக்குக்கும் அப்படியே இணைப்புக் கொடுத்துவிட்டால் டிரெய்லருக்குள் இருப்பதெல்லாம் கருகும்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். தண்ணீருக்கு வெள்ளைக் குடிநீர்க் குழாய் கொண்டுபோங்கள், தோட்டத்துக் குழாயில் காபி போட்டால் ரப்பர் வாசம் வரும். பிரஷர் குறைப்பான் ஒன்றைக் குழாய் முனையில் மாட்டிக்கொள்ளுங்கள். விருந்தாளி டிரெய்லர் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று அக்கா வீட்டுக் குடியிருப்புச் சங்கத்தில் விதி இருக்கிறது. அத்தான் பதினைந்து நாள் முன்பே மெயில் போட்டுத் திங்கள்வரை அனுமதி வாங்கிவிட்டார். இது ஊருக்கு ஊர் மாறும், கேட்காமல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் கக்கூஸ். "வாசல்லயே கக்கூஸைக் கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கான்" என்று அம்மா முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி குழந்தைகள் தவிர வேறு யாரும் டிரெய்லர் கக்கூஸுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. குளியலும் வீட்டுக்குள்ளேதான். சோப்புத் தண்ணீரைச் சந்தில் திறந்துவிடவும் முடியாது, அது மழைநீர் வடிகாலுக்குப் போகும். அதே அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு இரைச்சல் தாங்காமல் டிரெய்லருக்கு வந்து, ஏசியைப் போடச் சொல்லி, நாலு மணி வரை தூங்கினாள். மறுநாள் அரங்கேற்றம், அதை விட்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். மூன்றாவது அறையை விட்டுச் சித்தப்பாவும் ஒருநாள் வந்து படுத்துக்கொண்டார்.

இடத்துக்கு என் மதிப்பெண்: ரிவர்ஸுக்கு இரண்டு, சரிவுக்கு இரண்டரை, கரண்டுக்குச் சனி ராத்திரி வரை ஒன்று, ஞாயிறிலிருந்து ஐந்து. காலையில் கதவைத் தட்டி உள்ளே நீட்டப்படும் ஃபில்டர் காபிக்குத் தனியாக ஐந்து. கணக்குப் பார்த்தால் பார்க்குக்கு 275 டாலர் ஆகியிருக்கும். எனக்கு அடாப்டர் 34, ஃப்ரீசரை நிரப்ப இந்தியக் கடையில் 142. அந்தப் பணத்தை அக்கா வாங்கவில்லை, அதனால் சாமானாகவே வாங்கி அடுக்கிவிட்டேன். ஃப்ரீசரை வேறு லைனுக்கும் மாற்றிவிட்டோம்.

திங்கள் காலை கிளம்பி, டெனிசன் பக்கம் ஐசன்ஹோவர் ஸ்டேட் பார்க்கில் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய நிறுத்தினேன். வழக்கமாகக் கையுறையும் குழாயுமாக இருபது நிமிஷ வேலை. அம்மா புண்ணியத்தில் வால்வைத் திறந்ததும் சொட்டுச் சொட்டாக ஒரு வாளி வந்தது. எனக்குப் பின்னால் காத்திருந்தவர் தன் கையுறையைப் பாதி மாட்டுவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.