‘ஓட்டிப் பார்த்தது’ என்று விற்கும் பழைய அத்லான் செட்: வாங்கும் முன் படியுங்கள்

பழைய பிராசசர் சேகரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் சாக்கெட் ஏ (பிராசசர் போர்டில் உட்காரும் இடத்தின் ஒரு வகை) காலத்து ஏஎம்டி அத்லானைத் தேடி அலைபவர்களுக்காக. இணையத்தில் பழைய கணினிப் பாகங்கள் விற்கும் ஒருவரிடம் மதர்போர்டு, பிராசசர், கூலர் மூன்றையும் மாட்டிய செட்டாக 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரத்தில் ‘தண்டர்பேர்ட் 1400, காப்பர் கூலர், புது பேஸ்ட், மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தது’ என்று இருந்தது. வந்தது 1000 மெகாஹெர்ட்ஸ் சிப், அதுவும் எரிந்துபோனது. கூலர் அலுமினியம். (பேஸ்ட் என்பது சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் பூசும் பசை.)

1400 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று கேட்பவர்களுக்கு: அத்லானில் தண்டர்பேர்ட் என்ற வரிசையிலேயே வேகமானது அதுதான். 2001 ஜூனில் வந்தது. முழு வேலையில் 72 வாட் வரை சூடு கக்கும். இன்றைக்கு 72 வாட் என்றால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. ஆனால் இதில் அந்தச் சூடு முழுக்க ஏறக்குறைய 120 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானிலிருந்து வெளியேற வேண்டும். மேலே உலோக மூடி கிடையாது; கூலரின் அடிப்பாகம் நேராகச் சிலிக்கான் மேலேயே உட்காரும். சிப்புக்குள் வெப்பம் அளக்கும் டையோடும் இல்லை. போர்டில் சாக்கெட்டுக்கு அடியில் இருக்கும் சென்சர் சூட்டை உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அதே 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலரைக் கழற்றிப் படம்பிடித்தார்கள். இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. அத்லான் புகைந்து செத்தது. அதனால்தான் உயிரோடு இருக்கும் 1400க்கு இத்தனை மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பணம் போட்டதிலிருந்து அந்த ஆள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “சார், கூலரை மட்டும் கழட்டிராதீங்க. பேஸ்ட் நல்லா செட் ஆயிருக்கு. அப்படியே பவர் குடுங்க.” லாரியில் குலுங்கி வந்த போர்டுக்குக் கூலரைக் கழற்றிப் பார்க்காமல் பவர் கொடுக்கச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேதான் செய்தேன்.

கழற்றும் முன்பே கண்ணில் பட்டது, கூலர் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. சாக்கெட் ஏ பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கெட்டின் ஒரு பக்கம், நெம்புகோல் இணையும் இடம், கொஞ்சம் மேடாக இருக்கும். அந்த மேடு இடிக்காமல் இருக்கத்தான் கூலரின் அடியில் ஒரு ஓரத்தைப் படியாக வெட்டியிருப்பார்கள். படியும் மேடும் ஒரே பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தாலும் கிளிப் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் கூலர் மேட்டின் மேல் ஏறி, சாய்ந்து நிற்கும்.

கிளிப்பை எடுத்துத் தூக்கியதும் அதுதான் தெரிந்தது. பேஸ்ட்டைச் சோற்றில் தயிர் ஊற்றுவது போல அள்ளி ஊற்றியிருந்தார்கள். கூலரின் அடியில் சிலிக்கானின் சதுர அச்சு முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். இருந்தது ஒரு விளிம்பின் கோடு மட்டும். மற்ற இடமெல்லாம் பேஸ்ட் அழுந்தாமல் மேடாகவே நின்றது. இப்படி மாட்டி இந்தச் சிப்பை மணிக்கணக்கில் ஓட்டியிருக்கவே முடியாது. ஒன்று, பவரே கொடுக்காமல் அனுப்பியிருக்க வேண்டும். இல்லை, பவர் கொடுத்து எரிந்த பிறகு அனுப்பியிருக்க வேண்டும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். தண்டர்பேர்டில் எழுத்துகள் சிலிக்கான் மேலேயே இருக்கும், அதனால் பேஸ்ட் பூசிவிட்டால் எதுவுமே படிக்க முடியாது. 266 பஸ் (சிப் போர்டோடு பேசும் வேகம், 133ன் இரட்டிப்பு) கொண்ட 1400 என்றால் ‘ஏ1400ஏஎம்எஸ்3சி’ என்று இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் ‘ஏ1000ஏஎம்டி3பி’ என்று இருந்தது. சிலிக்கானின் ஒரு மூலை உடைந்து, உடைந்த இடத்தில் பளபளப்பு தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில், நடுப்பகுதியில் பழுப்புத் தடம். நன்றாக ஓடும் என் சொந்தப் போர்டில் மாட்டி, சரியான கூலர் வைத்துப் பார்த்தேன். போர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் டயக்னாஸ்டிக் கார்டு எஃப்எஃப்-ஐத் தாண்டவே இல்லை, அதாவது சிப் வேலையைத் தொடங்கவே இல்லை.

அப்படியானால் விற்பதற்கு முன் எனக்கு அனுப்பிய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) திரையின் படத்தில் 1400 என்று எப்படி வந்தது? சிப்பின் மேல் எல்1 பாலங்கள் என்று வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அந்தக் காலத்தில் அவற்றைப் பென்சிலால் இணைத்தால் மல்டிபிளையர், அதாவது பஸ்ஸின் அடிப்படை வேகத்தை எத்தனையால் பெருக்குவது என்பதன் பூட்டு திறந்துகொள்ளும். இந்தச் சிப்பிலும் பென்சில் கரி தெளிவாகத் தெரிந்தது. 133ஐ 10.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1400. பயாஸ் காட்டுவது அந்தப் பெருக்குத் தொகையை. சிப் எந்த வேகத்துக்கு விற்கப்பட்டது என்பதை அல்ல. ஆக அந்தப் படம் இதே சிப்புடையதாகவே இருந்தாலும் அது 1400க்குச் சான்று ஆகாது.

காப்பர் கூலர் கதை சின்னது. அடியில் சாவியால் கீறினேன், வெள்ளையாக வந்தது. கையில் எடுக்கும்போதே சந்தேகம்தான். காப்பர் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். பெயின்ட் அடித்தால் எடை கூடிவிடாது.

போன் செய்தேன். பணம் வாங்கும் வரை ‘சார்’ என்று கூப்பிட்டவர் இப்போது ‘தம்பி’ என்றார். “தம்பி, நீங்க கழட்டுனதாலதான் மூலை உடைஞ்சிருக்கு.” வீடியோ அனுப்பினேன். “கூரியர்காரன் போட்டு உடைச்சிருப்பான்.” கூரியர்காரர் பெட்டிக்குள் போய்க் கூலரைத் திருப்பி மாட்டினாரா என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார், போர்டையும் கூலரையும் என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மறுத்துவிட்டேன். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நீங்கள் வாங்கும்போது பேஸ்ட் இல்லாமல் துடைத்த சிலிக்கானின் படத்தைக் கேளுங்கள். நான்கு மூலையும் எழுத்தும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டும் இருக்கட்டும். மெனக்கெட முடியாது என்பவரிடம் வாங்காதீர்கள். கூலரைத் தராசில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கூலர் மாட்டியபடியே பார்சல் அனுப்புகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். சாக்கெட் ஏ-க்கு ஏஎம்டி வைத்த கூலர் எடை வரம்பே 300 கிராம்தான். அதற்கு மேல் கனமான கூலர் வழியில் குலுங்கினால் கூலர் கிளிப் மாட்டும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் காதுகள் முறிந்துவிடும்.

அத்லானோடு முடிகிற சிக்கலும் இல்லை. தொண்ணூறுகளிலேயே பென்டியத்தின் எழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்றார்கள். அந்தச் சிப்கள் இன்றைக்கு ‘பழம்பொருள்’ என்ற பெயரில் மறுபடி சுற்றில் இருக்கின்றன. மேல்பக்க எழுத்தையும் அடிப்பக்க எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகத்தில் அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள். அசல் மை அச்சும் போய்விடலாம், சேகரிப்பு மதிப்பும் அதோடு போகும்.

அந்த ஆளின் விளம்பரம் இந்த வாரம் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது. பச்சை நிற வெட்டுப்பாயின் மேல் போர்டு, கூலர் ஃபேனில் ஒரு இதழ் நுனி உடைந்திருக்கும், விலை 8,200. நான் நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன். அவரிடம் ஏமாந்தவர்கள் நீங்களும் பதியுங்கள். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி பிரித்த வீடியோ எதையும் அழித்துவிட வேண்டாம். சாட் முழுவதையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பியதை அவர் ஒவ்வொன்றாக டெலீட் செய்துகொண்டிருக்கிறார்.