எட்டு விளக்கும் எரிஞ்சுது அண்ணாச்சி

எங்கள் கம்பெனிக்கு நெட்வொர்க் கேபிள் மாற்றப் போய் நான் ஏமாந்த கதை இது. முதல் தடவை 1,46,000 ரூபாய் போனது. அதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்ததில் இன்னொரு 2,30,000. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வயர் இழுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இழுங்கள். செய்த ஆளின் பேரைப் போடவில்லை. ஏன் போட முடியவில்லை என்பது கீழே வரும். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்களுக்கு மருந்து மொத்த வியாபாரம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்த பழைய ஆபீசுக்குள் தாமிரபரணித் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. அதற்கப்புறம் தச்சநல்லூர் பக்கம் கொஞ்சம் மேடான இடத்தில் மாடிக் கட்டடம் பிடித்தோம். பின்னால் தனியாக ஒரு குடோன். பழைய ஆபீசில் இருந்தது 2011-இல் இழுத்த வயர், 100 எம்பி வேகச் சுவிட்ச் (எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேரும் பெட்டி), பத்து கம்ப்யூட்டர். அன்றைக்கு அது போதும். இப்போது அப்படியில்லை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்ட் 1-லிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில்லை அரசாங்கத்தின் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றி அங்கிருந்து நம்பர் வராமல் பில் பில்லே இல்லை. அதற்கு மேல் கேமரா பதினாறு, குடோனில் ஸ்கேனர், மூன்று வைஃபை பெட்டி, மேஜைக்கு மேஜை ஐபி போன். எல்லாம் அந்த ஒரு வயரை நம்பித்தான்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு பேர் இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். மூன்றாவது ஆள் தெரிந்தவர் மூலமாக வந்தவர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் அப்படி ஒரு குழைவு. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீய அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம காலைல வாரோம், திங்கக்கெழம நீங்க பில்லு போடுதீய" என்றார். 1,46,000. ஜிஎஸ்டி இல்லாமல், ரொக்கமாக. இருபத்தாறு பாயிண்ட் (வயர் போய் முடியும் இடம்), சுவிட்சை மாட்டும் ராக், சுவிட்ச், குடோன் லைன் எல்லாம் சேர்த்து. லெட்டர்பேடில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கேட் 6 கேபிள் - 5 பாக்ஸ்". என்ன கம்பெனி, தாமிரமா வேறு எதுவுமா, டெஸ்ட் ரிப்போர்ட் உண்டா, ஒன்றும் இல்லை. 25 வருஷ வாரண்டி என்று வாயால் சொன்னார். நான் அதை வாயாலேயே வாங்கிக்கொண்டேன்.

சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமை ஆறு பையன்களோடு வந்தார். ராத்திரி பதினொன்றுக்கு வேலை முடிந்தது. டெஸ்டர் என்று ஒரு சின்ன டப்பா. ஒரு பாதியை இந்த முனையில், மறு பாதியை அந்த முனையில் மாட்டினால் ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியளா, எட்டும் எரியுது." இருபத்தாறு தடவை பார்த்தேன். இருபத்தாறு தடவையும் எட்டும் எரிந்தது. அங்கேயே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் பில்லிங் பையன் சொன்னான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திரை உறைந்து நிற்கிறது என்று. எங்களுக்கு அதுதான் நெரிசல் நேரம். மறுநாள் காலை ஆறரைக்கு அம்பை வண்டியும் தென்காசி வண்டியும் கிளம்ப வேண்டும். பில் உறைந்தால் அவன் மறுபடி தட்டுவான், ஒரே சரக்குக்கு இரண்டு பில் விழும், அதை ரத்து செய்ய ஒரு ஆள் உட்கார வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர்கள் போன் மேல் போன்: "என்ன அண்ணாச்சி, சரக்கு ஏறிட்டா இல்லியா?"

இன்னொரு கூத்து கேமரா. பகலில் பதினாறும் தெளிவாகத் தெரியும். இருட்டினதும் குடோன் பக்கக் கேமராக்கள் நாலு அணைந்து அணைந்து எரியும். நிமிஷத்துக்கு ஒரு தடவை செத்துப் பிழைக்கும். வாட்ச்மேன் தாத்தா, "அங்கன என்னமோ இருக்கு, ஒரு பூச போட்ருவோம்" என்றார். உண்மையைச் சொன்னால், சுடலைமாடனுக்கு ஒரு படையலும் போட்டோம்.

வயர்க்காரருக்குப் போன் போட்டால் தடவைக்கு ஒரு காரணம். முதலில் நெட் கம்பெனிக்காரன் சரியில்லை என்றார். நெட்டை மாற்றினோம். அப்புறம் சாஃப்ட்வேர் பழசு. சாஃப்ட்வேர்காரன் வந்து பார்த்துவிட்டு அவனுக்கும் ஒரு காசு வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் சுவிட்ச் தாங்கவில்லை, பெரிசு போடணும். போட்டோம், 28,000 ரூபாய். அதற்கும் அடங்காதபோது எலி கடித்திருக்கும் என்றார். ஆறு மாசமாகக் கட்டடத்தில் எலியே இல்லை, மருந்துக் குடோன், நாங்கள் எலிக்கு எவ்வளவு பயப்படுவோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். கடைசியில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், ஒரு இடி. ஆபீசிலிருந்து குடோனுக்கு வயரை வெட்டவெளியில் இரும்புக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இடிக்கு 28,000 ரூபாய்ச் சுவிட்சில் வயர் சொருகும் போர்ட் இரண்டு கருகியது. குடோன் முழுக்க இருட்டு.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். சென்னையில் டேட்டா சென்டரில் வேலை. பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடோனுக்கு வந்தான். மிச்சம் விட்டுப் போயிருந்த வயர்ப் பெட்டியும், பிரிக்காத இன்னொரு பெட்டியும் மூலையில் கிடந்தன. வாரண்டிக்கு வேண்டியிருக்கும் என்று நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்.

"மாமா, அந்தப் பிரிக்காத பெட்டியத் தூக்குங்க."

தூக்கினேன். ஒரு கையிலேயே வந்தது.

பார்சல் தராசில் வைத்தான். ஏழரைக் கிலோ. 305 மீட்டர் கேட் 6 பெட்டி நல்ல தாமிரமாக இருந்தால் 11-லிருந்து 13 கிலோ வரைக்கும் இருக்கும் என்றான். பிளேடை எடுத்து ஒரு கம்பியைச் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் தாமிரத்தை மெலிசாகப் பூசிய கம்பி. கடைக்காரர்கள் 'சிசிஏ' என்று சொல்வது இதைத்தான். தாமிரக் கம்பியை விட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. நெட்வொர்க் கேபிளுக்கான தர விதிகள் எதிலும் இதற்கு இடம் கிடையாது. ஆனாலும் பெட்டியில் 'கேட் 6' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நீளத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

அப்புறம்தான் பேய்க்கு விடை கிடைத்தது. இந்தக் கேமராக்களுக்குத் தனிக் கரண்ட் கிடையாது, நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் போகிறது. சாதாரண வகையில் சுவிட்சிலிருந்து 15.4 வாட் கிளம்பினால் வழியில் ஆகும் சேதாரம் போகக் கேமராவுக்கு 12.95 வாட் சேர வேண்டும். அந்தக் கணக்கு தாமிரத்துக்கு, அதுவும் 100 மீட்டருக்கு. பகலில் கேமரா கொஞ்சமாகத்தான் இழுக்கும். இருட்டினதும் அதற்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், இழுவை கூடும், அலுமினிய வயரில் வோல்டேஜ் விழும், கேமரா அணையும். அணைந்து மறுபடி உயிர் வரும், விளக்கைப் போடும், மறுபடி சாகும். விடிய விடிய இதுதான். சுடலைமாடன் என்ன செய்வார் பாவம்.

குடோன் லைனை அளந்தால் 118 மீட்டர். சுவிட்சிலிருந்து கம்ப்யூட்டர் வரை, இரண்டு முனையிலும் மாட்டும் சின்ன வயர்களையும் சேர்த்து, மொத்தமே 100 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இவர்கள் நடுவில் ஒரு ஜாயிண்ட் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மழையில் நனைந்து உள்ளே பச்சைப் பாசி.

எட்டு விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான். மருமகன் ஒரு பாயிண்டைப் பிரித்துக் காட்டினான். கேபிளுக்குள் எட்டு இழை, இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் ஏறாமல் காக்கிறது. பிளக்கின் எட்டு இடங்களில் மாட்டும்போது 1-2 ஒரு ஜோடி, 4-5 ஒன்று, 7-8 ஒன்று. மிச்சமுள்ள ஜோடி 4-5-ஐத் தாண்டி 3-லும் 6-லும் உட்கார வேண்டும். இந்தப் பையன்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பல பாயிண்டில் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று பார்க்க அழகாக ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கியிருந்தார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. அதனால் டப்பாவில் எட்டும் எரியும். ஒன்றாவது கம்பி ஒன்றாவதுக்குத்தான் போகிறது. ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இல்லை. ஒருத்தர் பேசுவது பக்கத்து லைனில் கலக்கும். அந்த டப்பா பார்ப்பது கம்பி போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும்தான். எவ்வளவு வேகம் தாங்கும், எவ்வளவு இரைச்சல் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இன்னும் சில பாயிண்டில் முறுக்கை இரண்டு அங்குலத்துக்கு மேல் பிரித்துவிட்டிருந்தார்கள். அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாதாம். அலுமினியம் உடையக்கூடிய சாதி, அழுத்திச் சொருகும்போதே சில இழை முறிந்திருந்தது. 1 ஜிபி வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒன்று போனால் பெரும்பாலும் தானாக 100 எம்பிக்கு இறங்கிவிடும், அதற்கு இரண்டு ஜோடி போதும். ஆக, புது வயர் போட்டு 2011-க்கே திரும்பிப் போயிருந்தோம்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றேன். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கிய பொருளும் சேவையும் அதில் வராது என்றார். சிவில் வழக்கு போடலாம், காகிதம் கொண்டு வாங்க என்றார். என்னிடம் இருந்தது அந்த ஒற்றை வரி லெட்டர்பேட். பில் இல்லை, பாங்க் மூலமாகக் கொடுத்த பணமும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேரைப் போடாததற்குக் காரணம் இதுதான். நாளைக்கு அவர் என் மேல் கேஸ் போட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது. ஆடிட்டரிடம் சொன்னபோது அவர் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்: நீங்கள் கட்டியிருக்க வேண்டிய 18 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதி இன்புட்டாக, கட்டுகிற வரியில் கழிவாக, திரும்பி வந்திருக்குமே என்றார். மிச்சம் பிடிக்கப் போய் அதுவும் இல்லை.

தையில் வேறு ஆளை வைத்துச் செய்தோம். மதுரையிலிருந்து வந்தார்கள். பிடுங்குவதற்கு முன்னால் பழைய இருபத்தாறையும் அவர்களுடைய பெரிய மிஷினில் சோதித்தார்கள். ஃப்ளூக் என்று சொல்லும் வகை, ஒவ்வொரு ஜோடிக்கும் இரைச்சல், தடை, நீளம் எல்லாம் அளந்து தேறியது, தேறாதது என்று தாள் தருகிறது. நாலே நாலு தேறின. நாலும் பதினைந்து மீட்டருக்குக் குறைவான தூரம். புது வேலை முடிந்ததும் பாயிண்டுக்கு ஒரு தாள் வீதம் இருபத்தாறு தாள் கையில் கொடுத்த பிறகுதான் பாதிப் பணம் கேட்டார்கள். சோதனைக்குப் பாயிண்டுக்கு 150 ரூபாய் தனி. நான் இந்த வேலையில் கொடுத்ததிலேயே மனசாரக் கொடுத்த காசு அது. குடோனுக்குத் தாமிரமே வேண்டாம் என்று ஃபைபர் போட்டார்கள். கண்ணாடி இழையில் அந்த 100 மீட்டர் கணக்கும் இல்லை, இடி அது வழியாக ஏறி வரவும் முடியாது. கரண்ட் வயர் போகும் குழாயில் இதைச் சேர்த்து விடவில்லை. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டினார்கள். 25 வருஷ வாரண்டியைப் பற்றியும் அவர்களிடம் கேட்டேன். சிரித்தார்கள். கேபிள் முதல் பிளக் வரை ஒரே கம்பெனிச் சரக்காக இருந்து, அந்தக் கம்பெனி அங்கீகரித்த ஆள் வேலை செய்து, சோதனைத் தாள்களை அனுப்பிப் பதிவு செய்தால் கம்பெனி தருவதாம் அது. வயர்க்காரர் வாயிலிருந்து வருவதில்லை.

கொட்டேஷன் வாங்குகிறவர்கள் 'முழுத் தாமிரம்' என்ற வார்த்தையையும், கேபிள் கம்பெனி பேரையும், பாயிண்ட் வாரியாகச் சோதனைத் தாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டி வந்து இறங்கினதும் உங்கள் தராசில் வையுங்கள். பிளேடு ஒன்று கையில் இருக்கட்டும். கேட்டதற்குக் கோபப்படுகிற ஆளாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிடுங்கிப் போட்ட பழைய வயர் நாலு சாக்கு இருந்தது. செம்பு விலைக்காவது போகட்டும் என்று பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், ஒரு முனையைக் கத்தியால் கீறினார், அலுமினியக் குவியல் பக்கம் எறிந்தார். மொத்தமே பத்து விநாடி.

"யாரு அண்ணாச்சி இத செம்புன்னு ஒங்ககிட்ட வித்தது?"