யுனிவர்சிட்டி ஆர்ட் கேலரியா, பெரிய மியூசியமா?

ரெண்டுல எதுக்குப் போறதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

செலவு: பெரிய மியூசியம்னா பல இடத்துல டிக்கெட் உண்டு. யுனிவர்சிட்டி கேலரி நிறைய ஃப்ரீதான், இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டியோட ஆஷ்மோலியன் (1683ல திறந்தது), அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியோட கேலரி (1832ல ஆரம்பிச்சது) ரெண்டுக்குமே பொது நுழைவு இலவசம்.

கலெக்‌ஷன்: பெரும்பாலும் மியூசியம்தான் பெருசு.

நெருக்கம்: இதுலதான் கேலரி எனக்கு ரொம்பப் பிடிக்கும், கூட்டம் கம்மியா இருக்கும், ஒரு படத்து முன்னாடி அரை மணி நேரம் நின்னாலும் யாரும் தள்ள மாட்டாங்க, பல இடத்துல ஸ்டூடண்ட்ஸே சுத்திக் காட்டுவாங்க, என்ன சந்தேகம் கேட்டாலும் ஆசையா பதில் சொல்லுவாங்க, அக்கம்பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஒர்க்‌ஷாப்பும் நடத்துறாங்க. உள்ளூர் ஆர்டிஸ்ட்டுக்கு முதல் சுவர் கிடைக்கிறதும் இங்கதான் ஈஸி.

நேரம்: செமஸ்டர் லீவுல சில கேலரி மூடிருக்கும், பாத்துட்டு கிளம்புங்க. மியூசியத்துல அந்தப் பிரச்சனை இல்ல.

பேரு போன ஓவியங்கள ஒருதடவ பாத்தா போதும்னா மியூசியம். பிள்ளைங்களோட அடிக்கடி போகணும், வரையக் கத்துக்கணும், உங்க படத்த மாட்டணும்னா யோசிக்காம யுனிவர்சிட்டி கேலரிக்குப் போங்க. கேட்ல செக்யூரிட்டி நிக்கிறாரேன்னு தயங்காதீங்க, அது வெளியாளுங்களுக்கும் சேர்த்துதான் திறந்திருக்கு.