வெளிநாட்டு டிவிடெண்ட்: முதலிலேயே குறைந்த வரியா, பிடித்த பிறகு ரீஃபண்டா?

வெளிநாட்டுக் கம்பெனியின் டிவிடெண்ட் முழுதாகக் கைக்கு வருவது அபூர்வம். கம்பெனி இருக்கும் நாடு தனக்கான வரியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். பிரிட்டன் சாதாரண டிவிடெண்டில் கை வைப்பதில்லை. வரி பிடிக்கும் நாடுகளிடம், ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமல் இருக்கச் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் குறைந்த வீதத்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்கு அமெரிக்கா நல்ல உதாரணம். அங்கே பொது வீதம் 30 சதவீதம். நீங்கள் வெளிநாட்டவர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டால், ஒப்பந்த வீதம்தான் பிடிக்கப்படும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை அது பொதுவாகச் செல்லும். 2025 மார்ச்சில் கொடுத்தது 2028 டிசம்பர் 31 வரை. புதுப்பிக்க மறந்தால் மறுபடியும் 30தான். இந்த வழியில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதுதான்.

சுவிட்சர்லாந்து போவது இரண்டாவது வழியில். 100 பிராங்க் டிவிடெண்டில் முதலில் 35 போய்விடும். உங்கள் நாட்டு ஒப்பந்தம் 15 என்றால், மீதி 20-ஐ நீங்கள்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். டிவிடெண்டுக்கான சீட்டு, உங்கள் நாட்டு வரித்துறையின் வசிப்பிடச் சான்று எல்லாம் வேண்டும். டிவிடெண்ட் வந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும். தரகர் செய்துகொடுத்தாலும் கட்டணம் உண்டு. சிறிய தொகை என்றால் ரீஃபண்டை அதுவே விழுங்கிவிடும். அந்த 20-ஐ சொந்த நாட்டு வரியில் கழித்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் பொதுவாக வழியில்லை. ஒப்பந்த வீதம் வரைக்கும்தான் அங்கே வரவு கிடைக்கும். (பங்குதாரர்கள் போட்ட பணத்தால் ஆன மூலதனப் பங்களிப்பு இருப்பிலிருந்து கம்பெனி பணம் கொடுத்தால் அந்த 35 பிடிக்கப்படாது. டிவிடெண்ட் அறிவிப்பில் அந்த வாசகத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.)

ரீஃபண்ட் முறைக்கு ஆதரவாகச் சொல்லும் வாதம், பணம் அரசின் கையில் இருப்பதால் ஏமாற்ற முடியாது என்பது. டென்மார்க்கில் நடந்தது நேர்மாறு. 2012 முதல் 2015 வரை, வெளிநாட்டுப் பங்குதாரர்கள் என்ற பெயரில் வந்த பொய் விண்ணப்பங்களுக்கு அந்நாட்டு வரித்துறை 1,200 கோடி குரோனருக்கு மேல் ரீஃபண்டாகக் கொடுத்துவிட்டது. பத்துப் பங்கு வைத்திருப்பவர் சான்றிதழுக்கு அலைகிறார், கூட்டமாகத் திட்டம் போட்டவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். இது என்ன நியாயம்? சிறு முதலீட்டாளருக்கு முதல் வழியே நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரிய தொகை வைத்திருக்கும் நிதி நிறுவனங்களுக்கு ரீஃபண்ட் ஒரு தாமதம்தான், அவர்களிடம் ஆள் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் ஃபாஸ்டர் என்ற விதிமுறையை ஏற்றிருக்கிறது. முதலிலேயே சலுகை அல்லது விரைவு ரீஃபண்ட் என்பது அதன் ஏற்பாடு, அமலுக்கு வருவது 2030 ஜனவரி 1. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாததால் அங்கே பழைய கதைதான். சரி, அதுவரை என்ன செய்வது? டிவிடெண்டுக்காக ஒரு பங்கை வாங்கும் முன் தரகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்த வீதத்தை முதலிலேயே தருவீர்களா? இல்லையென்றால் ரீஃபண்ட் வாங்கித் தர எவ்வளவு கேட்பீர்கள்?