நியாயமாகத் தோற்கடிக்கும் விளையாட்டுகள்

வீடியோ கேம்களை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் காட்சியின் அழகையும் கதையின் ஆழத்தையும் உலகத்தின் பரப்பளவையும் பற்றியே பேசுகிறார்கள். பல ஆண்டுகளாக ஆடிவந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: தோற்கும்போது ஏன் தோற்றோம் என்பது நமக்கே விளங்குகிறதா? விளங்கினால் உடனே மறுபடி ஆடத் தோன்றுகிறது; விளங்காவிட்டால், எத்தனை கோடி கொட்டி எடுத்த விளையாட்டானாலும் ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறது.

1985இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் இந்தக் கேள்விக்கு முதல் திரையிலேயே விடை சொல்லிவிடுகிறது. கும்பா என்னும் சிறிய எதிரி நேராக நம்மை நோக்கி நடந்து வருகிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. சும்மா நின்றால் உயிர் போகும், குதித்தால் பிழைக்கலாம். லெவலே அப்போதுதான் தொடங்கியிருப்பதால் இறந்தாலும் இழப்பு சில வினாடிகள்தான். அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்புறம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, நம்மிடமே வந்து சேருகிறது. வெறும் 40 கிலோபைட்டில் அடங்கிய ஒரு விளையாட்டு, விளக்க உரை ஒரு வரிகூட இல்லாமல் இவ்வளவையும் கற்பித்துவிடுகிறது.

ஆனாலும் எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது, ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாதான். தம் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோவில் பதிவுசெய்து, அதை அடிப்படையாக வைத்தே இளவரசனின் அசைவுகளை அவர் வரைந்தார். அதனால் அந்த உருவத்துக்கு உண்மையான உடலின் கனம் வந்துவிட்டது: மரியோவைப்போல் அந்தரத்தில் திசை மாற முடியாது, ஓட்டத்தை நிறுத்தினாலும் சற்றுச் சறுக்கித்தான் நிற்க முடியும். தரையிலிருந்து கிளம்பும் ஈட்டி முனைகளின் மீது ஓடினால் அந்த இடத்திலேயே சாவு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தால் அதே முனைகளுக்கு நடுவே ஒரு கீறலுமின்றிக் கடந்துவிடலாம். அவசரப்பட வைப்பதும் அதே விளையாட்டுதான், ஏனென்றால் முழுக் கதைக்கும் 60 நிமிடம்தான் தரப்படுகிறது. இறந்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போகிறோமே தவிர, கடந்த நிமிடங்கள் திரும்பி வருவதில்லை.

கண்ணாடிக்குள் பாய்ந்ததும் அதிலிருந்து வெளிப்படும் நிழல் மனிதன் இந்த நியாயத்தின் உச்சம். நினைவகம் போதாத நிலையில், இளவரசனுக்கு வரைந்த அதே படங்களைச் சற்று மாற்றிக் காட்டி அவனை உருவாக்கினார்கள். இடையிடையே தோன்றி நம் மருந்தைக் குடித்துவிட்டு ஓடும் அவனோடு இறுதிக் கட்டத்தில் வாள் சுழற்றினால், அவன்மீது விழும் ஒவ்வொரு வெட்டுக்கும் நம் உயிரே குறைகிறது. (வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டதால் முடிச்சை அவிழ்ப்பதில் தவறில்லை.) வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். விடை முழுவதும் அந்த உயிர்க்குறியீடு குறையும்போதே நம் கண்முன் சொல்லப்பட்டுவிடுகிறது.

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸில் தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் காட்டும் வழக்கம் பரவலாக உண்டு. பழைய வடிவங்களில் அந்தப் புலம்பலில் ஓரளவு உண்மையும் இருந்தது. நீளக்கட்டை எவ்வளவு நேரமானாலும் வராமலே போகலாம். இப்போதைய வடிவங்களில் ஏழு கட்டைகளையும் ஒரே தொகுப்பாகக் குலுக்கி, அது தீர்ந்த பிறகே அடுத்த தொகுப்பைத் தருகிறார்கள். ஆகவே இரண்டு நீளக்கட்டைகளுக்கு இடையே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். இதற்கு மேலும் கட்டையைக் குறை சொல்ல இடமில்லை.

நகரத்தையும் படையையும் வளர்த்துப் போரிடும் விளையாட்டான, 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தோல்வியைத் தாமதமாகக் காட்டுவது. படை வந்து கோட்டையை இடிக்கும்போது தோற்றதாக நினைக்கிறோம். பதிவான ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் குடியானவர்களை உருவாக்கும் நகர மையம் இரண்டு நிமிடம் சும்மா கிடந்ததுதான் காரணமாக இருக்கும். ஒரு குடியானவன் உருவாக 25 வினாடி என்றால், அந்த இரண்டு நிமிடத்தில் நான்கைந்து பேரின் உழைப்பு போய்விட்டது.

2011இல் வந்த டார்க் சோல்ஸ் கடினமானது என்று பயமுறுத்துகிறார்கள். என் கருத்தில் அது கடினமானது என்பதைவிடக் கண்டிப்பானது என்பதே சரி. சென்ஸ் ஃபோர்ட்ரெஸ் கோட்டையின் வாசலிலேயே, மிதித்தால் அம்பு பாயும் கல்லொன்று தரையில் சற்றே மேலெழுந்து தெரிகிறது. பார்த்து நடப்பவருக்கு அது ஒன்றும் செய்யாது. பெட் ஆஃப் கேயாஸ் என்னும் பாஸ் (பெரிய எதிரி) மட்டும் இதற்கு விலக்கு: எந்த முன்னறிவிப்புமின்றிக் காலடியில் தரை இடிகிறது, பெருங்கரம் ஒன்று நம்மைக் குழிக்குள் தள்ளிவிடுகிறது. அங்கே ஒரு பக்கத்தை உடைத்துவிட்டால், இறந்து திரும்பினாலும் அது உடைந்தபடியே இருக்கிறது. வேறெங்கும் காட்டாத இந்தச் சலுகை, அந்தச் சண்டை சரியாக அமையவில்லை என்பதை விளையாட்டே ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது.

2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. குதிரையின் நடை, மழைக்குப் பின் சேறு, நாயகன் ஆர்தர் மார்கனின் குரல் எல்லாம் அருமை. ஆனால் அவ்வளவு பெரிய உலகத்தைத் திறந்துவிட்டு, மிஷன் (கதையில் தரப்படும் பணி) தொடங்கியதும் சொன்ன பாதையைவிட்டுச் சற்று விலகினாலே தோல்வி என்று நிறுத்திவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே தோற்பது நம் திறமைக் குறைவால் அன்று, கீழ்ப்படியாமையால்.

கைபேசி விளையாட்டுகளில் பலவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவே மனமில்லை. அவற்றில் தோல்வி என்பது பணம் கேட்பதற்கான சந்தர்ப்பம் மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ 2019இன் டெஃபினிடிவ் எடிஷன் என்னும் புதுப்பித்த வடிவத்திலும், டார்க் சோல்ஸை 2018இன் ரீமாஸ்டர்டு வடிவத்திலும் ஆடலாம். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்குச் சூப்பர் நிண்டெண்டோ என்னும் விளையாட்டுக் கருவியில் 20 லெவல்களும் 120 நிமிடமும் கொண்ட வடிவம் ஒன்று இருக்கிறது. நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் 60 நிமிட மூலத்தை முடித்த பிறகு அதற்குப் போவதே நல்லது.