மாருதி 800-க்கு ஆல்டோ டயர்: 145/80 ஆர்12 தாங்குமா?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு உரிய 145/70 ஆர்12 டயர்தான் (அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம்) எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கேட்டால் "ஆல்டோ டயரே போட்டுக்குங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று 145/80 ஆர்12-ஐ உருட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்றும் ஆகாது என்பது முக்கால்வாசி உண்மை. மீதி இழுவையிலும் பிரேக்கிலும் ஸ்டெப்னியிலும் இருக்கிறது.

145/70 ஆர்12-இன் முழு விட்டம் 507.8 மில்லிமீட்டர். 145/80-க்கு 536.8. அகலம் அதேதான், பக்கச்சுவர் மட்டும் 101.5-இலிருந்து 116 ஆக உயர்கிறது. வண்டி தரையிலிருந்து 14.5 மில்லிமீட்டர் மேலே எழும். ஊர்ப்பக்கம் திடீரென முளைக்கும் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிற வண்டிக்கு இது பெரிய நிம்மதி. பள்ளத்தில் விழும்போது ரிம் நெளிவதும் குறையும். சுமை எண்ணிலும் லாபம்தான்: பழைய அளவில் வழக்கமாக வரும் 69 என்பது ஒரு டயருக்கு 325 கிலோ, புதியதில் வரும் 74 என்பது 375 கிலோ.

விட்டம் 5.7 சதவீதம் கூடியதால் மீட்டர் குறைத்துக் காட்டும். முள் 80-இல் நின்றால் டயர்க் கணக்குப்படி வேகம் 84.6. "டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு" என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். மீட்டரில் 300 கிலோமீட்டர் ஓடியிருந்தால் உண்மையில் ஓடியது 317. இருபது லிட்டர் போட்டிருந்தால் லிட்டருக்கு 15 என்று தெரியும், நிஜம் 15.9. மீட்டர் கணக்கை 1.057-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகலாம்.

இழுவை விஷயம் கணக்கோடு முடிவதில்லை. 796 சிசி எஞ்சினின் விசை பெரிய டயர் வழியாகத் தரைக்கு வரும்போது ஏறக்குறைய 5.4 சதவீதம் குறைகிறது. சமவெளியில், ஒருவரோ இருவரோ போகும்போது கவனித்தால்தான் தெரியும். நெடுஞ்சாலையில் டாப் கியரில் எஞ்சின் சத்தம் சற்று அடங்குவதுகூட இதமாக இருக்கும். நான்கு பேர், ஏசி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று வந்தால் கதை வேறு. முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவுக்கு முதல் கியர் தேவைப்படும். கியரைக் குறைக்காமல் ஹாஃப் கிளட்சில் சமாளிப்பவரின் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்கள் 145/70-ஐத் தேடிப் பிடித்துப் போடுவதே நல்லது. எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும்) எஞ்சின் உள்ள பிந்தைய வண்டிகள் கார்புரேட்டர் வண்டிகளைவிட இதைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும்.

பிரேக்கிலும் அதே 5.4 சதவீதம்தான். பெடலை வழக்கத்தைவிடச் சற்று அழுத்த வேண்டியிருக்கும். முன் பேட், பின் லைனர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் சரிசெய்யாமல் டயரை மட்டும் பெரிதாக்குவது தப்பு.

உரசல் பெரும்பாலும் முன்பக்கம்தான் வரும். டயர் போட்டதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக உருட்டிப் பாருங்கள். சாதாரணமாக இடிப்பது மட் ஃப்ளாப். அதை வெட்டிவிடலாம் அல்லது ஒரு திருகு தள்ளிப் பொருத்தலாம். ஸ்ட்ரட்டின் (முன் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். பிறகு நான்கு பேரை ஏற்றி ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டுங்கள். பின் வளைவில் 'சர்' என்று கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் டயர் அல்ல, இருபது வருடம் உழைத்துத் தளர்ந்த பின் ஸ்பிரிங்.

வேறு அளவுகளையும் கடையில் சொல்வார்கள். நானோவின் பின்சக்கர அளவான 155/65 ஆர்12 விட்டத்தில் கிட்டத்தட்ட அச்சொட்டு, 506.3 மில்லிமீட்டர். மீட்டரும் இழுவையும் மாறாது. ஆனால் 155/65-க்குக் குறைந்தது 4.5 அங்குல ரிம் வேண்டும். உங்கள் ரிம்மில் 4.00பி, அதாவது 4 அங்குல அகலம், என்று அடித்திருந்தால் இந்த யோசனை அங்கேயே முடிந்தது. தவிர, நானோவும் நின்றுபோன வண்டி. நாளை அந்த டயருக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆம்னியின் 145 ஆர்12 எல்டி-யைத் தொடவே வேண்டாம். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது பாரம் ஏற்றும் வண்டிக்கான டயர். தடித்த பக்கச்சுவரோடு 800-இல் போட்டால் கட்டைவண்டிதான். பழைய ஜென் ரிம்மோடு 145/70 ஆர்13 போடுவது ஆசைக்கு நன்றாக இருக்கும். இரண்டு வண்டிக்கும் நான்கு போல்ட், 114.3 பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) என்பதால் மாட்டிக்கொள்ளும். விட்டம் 533.2. அதாவது ரிம்முக்கும் சேர்த்துச் செலவழித்து ஆல்டோ டயரின் உயரத்துக்கே வந்து நிற்கிறீர்கள்.

பிராண்டில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. எம்ஆர்எஃப் இசட்விடிவி, அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் மூன்றும் 145/80 ஆர்12-இல் உண்டு. தயாரித்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மெதுவாக விற்கிற 145/70-இல் பழைய சரக்கு தலையில் கட்டப்படும் வாய்ப்பு அதிகம். ஆல்டோ அளவு வேகமாக விற்பதால் புதிதாகக் கிடைக்கிறது. 145/80-க்கு ஆதரவான முக்கியக் காரணமே இதுதான்.

பழைய ரிம்மில் டியூப்லெஸ் போடும்போது விளிம்புத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். புது டிஆர் 413 வால்வு (டியூப்லெஸ் ரிம்மில் செருகும் ரப்பர் வால்வு) கட்டாயம். ரிம்மின் உள்பக்கம், டயர் உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறு மேடு ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் டியூப் போட்டே ஓட்டுங்கள். அப்போது டயருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும். காற்று, கதவுச் சட்டத்தில் அல்லது கையேட்டில் உள்ள அளவுக்குக் குறையாமல், டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் நியூமேட்டிக் கன் வைத்தால் பழைய ஸ்டட்டின் மரை போய்விடும்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முடிந்தால் ஐந்தையும். ஸ்டெப்னி பழைய 145/70 ஆகவே இருந்தால் அதை முன்பக்கம் மாட்டக்கூடாது: இது முன்சக்கர இழுவை வண்டி, இருபக்கமும் விட்டம் வேறுபட்டால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் சுற்றிச் சூடாகும். முன்டயர் பஞ்சரானால் பின்னால் உள்ள நல்ல டயரை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள்.