ஏசி ஹாலா, ரூம் சர்வீஸா, வளவுல பந்தியா?

கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டுல எட்டு ரூம் வச்சு விடுதி நடத்துறோம். கொரோனா அடைப்பு முடிஞ்சு திறந்தப்போ சாப்பாட்ட எங்க வச்சுப் போடுறது, ஏசி ஹால்லயா, ரூமுக்கே அனுப்புறதா, இல்ல வளவுல, அதாவது வீட்டு நடுவுல வானம் பாத்த முற்றமும் சுத்தி தாழ்வாரமும் இருக்குற எடத்துல பந்தி போடுறதான்னுதான் பெரிய குழப்பம். 2020 ஜூன்ல மத்திய சுகாதாரத்துறை கொடுத்த வழிமுறையில ஹால்ல பாதி சீட்டு, 6 அடி இடைவெளி, முடிஞ்சவரை ரூம் சர்வீஸ், அதுவும் பொட்டலத்த கையில கொடுக்காம கதவுகிட்ட வச்சிட்டு வந்துரணும்னு இருந்துச்சு. நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்.

ஏசி ஹால பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்குற காத்தையே சுத்தி சுத்தி விடுது, வெளிக்காத்து வர்றதே இல்ல. எங்க ஹால இன்னைக்கு வரைக்கும் பூட்டியேதான் வச்சிருக்கோம்.

ரூம் சர்வீஸ்ல தங்குறவங்களுக்கு நிம்மதிதான், ஒத்துக்குறேன். ஆனா ராத்திரி முழுக்க கதவச் சாத்தி மாஸ்க் இல்லாம நாலு பேர் மூச்சு விட்ட ரூமுக்குள்ள காலையில எச்சித்தட்டு எடுக்கப் போறது எங்ககிட்ட வேலை பாக்குற அக்காமாருங்கதான, அவங்க மூச்சுக்கு யாரு பொறுப்பு? அதுக்கப்புறம் ஜன்னலத் திறந்து வச்சிட்டு தட்ட வாசல்ல வச்சிருங்கன்னு போன்லயே சொல்ல ஆரம்பிச்சோம், பாதிப்பேர்தான் செஞ்சாங்க. வெள்ளப்பணியாரம் மாடி ஏறிப் போறதுக்குள்ள சவுத்துப் போறது தனிக் கவல.

நான் வளவு பக்கம் சாஞ்சதுக்கு ஒரே காரணம் காத்து. ஒரு நாள் ஊதுபத்திய ஏத்தி ஏசி ஹால்ல வச்சுப் பாத்தேன், பொக அப்படியே தொங்கிக்கிட்டு நின்னுச்சு, ரொம்ப நேரம் வாசம் போகல. அதே பத்திய முற்றத்துல வச்சா பொக நேரா வானத்துக்குப் போகுது. முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கறதால கதவத் திறந்து போட்டாலே காத்து வீட்டுக்குள்ள ஓடுது, இதுக்குன்னு ஒரு மிஷினும் வாங்க வேண்டாம், மாசாமாசம் சர்வீஸ் பண்ண ஆளும் வேண்டாம். அதுவும் பந்தின்னா ஒரே வரிசையா ஒரே பக்கம் பாத்து உக்காருவோம், எதிரெதிர் முகமே கிடையாது, ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவுல 6 அடி விட்டா முடிஞ்சது. சாப்பிட்ட இலைய மடிச்சு எடுத்தா கழுவுற வேலையும் கொறைவு. பரிமாறுறவங்க மட்டும் மாஸ்க்க கழட்டவே கூடாது.

தரையத் தொடைக்க ஆசிட் மட்டும் வேண்டாம், இங்க தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடி கல்லு சிமெண்ட்டுல செஞ்சது, மேல இருக்குற பூ டிசைனெல்லாம் அரிச்சுப் போயிரும். எப்படி சாப்பாடு போட்டாலும் மாசக்கணக்கா பூட்டிக் கெடந்த ரூம்ல டேங்க கழுவி பைப்பு, ஷவர் எல்லாத்தையும் நல்லா ஓட விட்டுட்டு அப்புறம் ஆள விடுங்க, தேங்குன தண்ணியில நுரையீரலப் பாதிக்கிற கிருமி வளரும்.

நூறு ரூம் ஓட்டலுக்கு இது சரிப்படுமான்னு நான் சொல்ல முடியாது, நடத்திப் பாத்ததில்ல. காய்ச்சல், இருமல் இருக்குறவங்களுக்கு ரூம்லதான் சாப்பாடு, அதுல மறுபேச்சே இல்ல. சித்திரை வெயில்ல மத்தியானப் பந்தி முற்றத்துல போட முடியல, மழையிலயும் அப்படித்தான், அப்பல்லாம் தாழ்வாரத்துக்கு மாத்திருவோம், எடம் கொறையும், அதனால பந்திய ரெண்டு தடவையா போட்டுக்குறோம்.